சுவரில் தலைகீழாக ஒரு முகம்

"இன்னிக்குக் கடைசி ஓலை. தொண்டையக் கிண்டையச் செருமித் தொலச்சிடாதடி. ஆட்சேபனைன்னு ஆயர் நெனச்சுக்குவாரு." பின்வரிசையிலிருந்து ப்ரூ அத்தை என் முதுகில் விரலால் குத்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அம்மா வரவில்லை. மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்கும் தன் கல்யாண ஓலையைத் தானே கேட்கிறவளுக்குப் பிள்ளை செவிடாகப் பிறக்கும் என்பார்கள் எங்கள் ஊரில். "எனக்கு இனிமேயா பொறக்கப் போவுது?" என்று சிரித்தாள், ஆனாலும் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

முன்வரிசையில், அம்மாவைக் கட்டிக்கொள்ளப்போகிற எட்வின் ஹாலட்டின் சிவந்த கழுத்து தெரிந்தது. நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கல்யாணம் முடிந்ததும் நாங்கள் அவருடைய பண்ணைக்குப் போய்விட வேண்டும். இறந்துபோன அப்பாவின் கோட்டு இன்னும் எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. பள்ளிக்கூடத்தை விட்டபின் எனக்கு அந்த வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. போன இரண்டு ஞாயிறும் எழுந்து வேண்டாமென்று சொல்லிவிட நினைத்தேன். உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

பலிபீடத்துக்குப் பின்னாலிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் ராஜா இங்கிருந்த மடத்துத் துறவிகளை விரட்டி, அவர்கள் பாடிய கோவிலின் கிழக்குப் பாதியை இடித்தபோது, மிச்சத்தை ஊரார் விலைக்கு வாங்கினார்கள். திறந்து கிடந்த வளைவை இடிந்த கற்களாலேயே அடைத்தார்கள். அவசரத்தில், முகம் செதுக்கிய கல் ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். இன்றுவரை யாரும் திருப்பவில்லை. அது சிரிக்கிறது என்பார்கள்.

"...எட்வின் ஹாலட்டுக்கும், விதவையான லெட்டிஸ் மார்லோவுக்கும்..." ஆயர் வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்."

நான் முன்னே நகர்ந்தேன். மடியிலிருந்த பாட்டுப்புத்தகம் நடைபாதைக் கல்லில் விழுந்தது. சத்தம் கூரைவரை போய்த் திரும்பியது. எல்லாத் தலைகளும் என் பக்கம்.

"ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் ஆயர்.

"போச்சுடா," என்று முணுமுணுத்தாள் ப்ரூ அத்தை.

எட்வின் எழுந்து நின்றார். முகத்தில் கோபமில்லை. "அவசரப்படுத்தாதீங்க, ஆயரே. சொல்லணும்னா சொல்லட்டும். நான் நிக்கிறேன்."

புத்தகத்தை எடுக்க வரிசையின் ஓரத்திலிருந்து சரிந்தேன். தலை கீழே தொங்கியது. எதிரே சுவரிலிருந்த முகம் முதல்முறையாக எனக்கு நேராகத் தெரிந்தது. அது சிரிக்கவில்லை. உதட்டோரங்கள் இறங்கி, ஏதோ சொல்ல வந்து நின்றதுபோல வாய் பாதி திறந்திருந்தது.

கோவில் முழுவதும் காத்திருந்தது. என் விரல் புத்தகத்தைத் தொட்டுவிட்டது. நான் நிமிராமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.