திருடனுக்கு வசதியான பை

அண்ணனும் நானும் சேர்ந்து போட்டோ எடுக்கிறோம். கம்பெனிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, பரிசு கொடுக்கிற மேடை என்று எல்லாவற்றுக்கும் போவோம். கேமரா அவன் கையில், பை என் தோளில். ஒவ்வொரு படத்துக்கும் ‘அசையாதீங்க’ என்று சொல்லிச் சொல்லி, அதுவே அண்ணனுக்குப் பெயராகிவிட்டது. எனக்குத் தனியாகப் பெயர் கிடையாது. ‘அசையாதீங்க கூட வர்ற பொண்ணு’, அவ்வளவுதான்.

எங்கள் வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அண்ணன் மேடையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். இடது கையை மட்டும் பின்னால் நீட்டுவான். இரண்டு விரல் நீண்டால் நீள லென்ஸ். உள்ளங்கை விரிந்தால் பாட்டரி. கட்டைவிரல் ஆடினால் மெமரி கார்டு. கேட்டதைக் கொடுத்துவிட்டு, கழற்றியதை வாங்கிப் பையில் வைப்பேன். வேலை நேரத்தில் வாய் திறந்து இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

இத்தனை வருஷம் தொங்கிய பை என் வலது தோளைக் கெடுத்துவிட்டது. இனிமேல் கனம் தூக்கினால் கையை உயர்த்தவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவைத்தாற்போல் அதே வாரம் பையின் ஜிப்பும் பல்லிளித்தது. புதுப் பை வாங்க வேண்டியதுதான், சரி. ஆனால் அதை யார் தூக்குவது? அண்ணனே தூக்கி அண்ணனே எடுத்துக்கொண்டால் எனக்கு அங்கே என்ன வேலை? எனக்குத் தெரிந்த தொழிலும் இது ஒன்றுதான். இதை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் முழுங்கிக்கொண்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. வீடியோக்களில் ஒருவன் தோள்பைதான் கைக்கெட்டும் என்றான். இன்னொருவன் முதுகுப்பைதான் எலும்புக்கு நல்லது என்றான். மூன்றாமவன் பையே வேண்டாம், நிறைய பாக்கெட் வைத்த சட்டை ஒன்று போதும் என்றான். அண்ணி சக்கரம் வைத்த பெட்டி வாங்கச் சொன்னாள். படிக்கட்டில் அதை யார் உருட்டுவது என்று அண்ணன் கேட்டான். “யானை வாங்கினவருக்கு அங்குசம் வாங்க இத்தனை யோசனையா?” என்று அண்ணி சமையலறைக்குள் போய்விட்டாள்.

கடைக்காரர் எங்களைவிட முறையானவர். இருக்கிற சாமானையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடி மேசைமேல் பரப்பினார். கேமரா இரண்டு, லென்ஸ் நான்கு, ஃப்ளாஷ், சார்ஜர், பாம்புக் குட்டிகள் மாதிரி ஒயர்கள்.

“தூக்கப்போறது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றான் அண்ணன்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் தோளுக்காகச் சொல்கிறானா, இல்லை நீ வேண்டாம் என்கிறானா? அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் குறுக்காக மாட்டும் பை ஒன்றை எடுத்தார். நெஞ்சுப் பக்கம் இழுத்தால் எல்லாம் கைக்கு வந்துவிடும். “யாரையும் எதிர்பார்க்க வேணாம் சார். ஒத்தை ஆளாவே முடிச்சிடலாம்” என்று அதன் பெருமையைச் சொன்னார். நன்றாகத்தான் இருக்கிறது என்று அண்ணன் மாட்டிக்கொண்டான். ஒரு தடவை வேலை செய்து பாருங்கள் என்று கடைக்காரரே பரிசு வாங்குகிறவர் மாதிரி எதிரே நின்றார்.

அண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்தான். “அசையாதீங்க.”

கடைக்காரர் சிலையானார். அண்ணனின் இடது கை பின்னால் நீண்டது. இரண்டு விரல்.

பை அவன் நெஞ்சில், விரல் என் பக்கம். கொடுப்பதா வேண்டாமா என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“சார், பை முன்னாடி இருக்கு” என்றார் கடைக்காரர், அசையாமலே.

அண்ணன் சிரித்துச் சமாளித்து மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் கை பின்னால்தான் போனது. பாவமாக இருந்தது. நான் முன்னால் போய்ப் பையின் ஜிப்பைத் திறந்தேன்.

“தள்ளு, மறைக்கிற.”

“அப்ப நான் எங்கதான் நிக்கறது?”

கேட்க நினைத்தது அதுதான். இப்படிக் கடையில், இந்தக் குரலில் வரும் என்று நினைக்கவில்லை. அண்ணன் கேமராவை இறக்கினான். அவனும் என்னைப்போலவே திக்குத் தெரியாமல் விழித்தான்.

“உன் தோளுக்காகத்தான்…” என்று இழுத்தான்.

“தோள்தான் போச்சு. கை நல்லாத்தான் இருக்கு.”

அண்ணன் பையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முதுகுப்பை காட்டச் சொன்னான். கடைக்காரர் காட்டியதெல்லாம் முதுகோடு ஒட்டுகிற பக்கம் திறப்பவை. பின்னால் நிற்கிறவன் கை வைக்கவே முடியாது, அவ்வளவு பத்திரம் என்றார்.

“பின்னால நிக்கறவ கை வைக்கற மாதிரி இருக்கா?” என்றான் அண்ணன்.

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏணி போட்டு, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒன்றை இறக்கினார். “இது விலை போகாத சரக்கு சார். திருடனுக்குத்தான் வசதி.”

அண்ணன் அதை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டினான். ஜிப் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அடுத்த விழா ஒரு கம்பெனியில். மாடிப்படியில் பாதி வழியில் அண்ணன் நின்றான். பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “இதையா தூக்கின?” என்றான். “ம்” என்றேன்.

மேடையில் நாலு பேர் கேடயத்தோடு நின்றார்கள். அண்ணன் கை பின்னால் வந்தது. இரண்டு விரல். ஜிப்பைத் திறந்து நீள லென்ஸை உருவப் பார்த்தேன். அதற்குள் கோணம் பார்க்க அவன் இடப்பக்கம் சாய, பையும் கூடவே போய்விட்டது. இன்னொரு தடவை பிடித்தேன், வலப்பக்கம் போனது.

“அசையாதீங்க” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். மேடையில் இருந்த நாலு பேரும் நின்றுவிட்டார்கள். யாருக்குச் சொன்னது என்று அவர்களுக்குப் புரியவில்லை.