தொடாத, சூடா கீது

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. எண்ணூரிலிருந்து வந்த வண்டி. திருவொற்றியூர் தேரடியில் ஏறினேன். முன்னிருக்கையில் ஒரு பெண், சாக்கு சுற்றிய உருண்டையான எதையோ மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்திருந்தாள். நெரிசலில் பிடிமானம் தேடிய நடத்துனரின் கை அதன் பக்கம் போனது. அவள் சொன்னாள்: "நைனா, தொடாத. இன்னும் சூடா கீது."

அவ்வளவுதான். ராயபுரத்தில் நான் இறங்கிவிட்டேன். அவள் பெயர் தெரியாது. சாக்குக்குள் இருந்தது என்னவென்றும் தெரியாது. ஆனால் அவள் குரலில் எச்சரிக்கையைவிடப் பெருமைதான் அதிகம். ஒரு பொருள் சூடாக இருப்பதில் ஒருத்திக்கு இத்தனை பெருமை எப்படி வரும் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவளுடையது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மண்ணுக்கும் பெண்ணுக்கும் உள்ள பொறுமை...'

[நல்லவேளை, முடிக்கவில்லை. பொறுமையைப் பற்றி மண்ணிடமோ பெண்ணிடமோ யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.]

பிறகு: 'செங்கொடி தன் பதினோராவது குடத்தை...'

[ஏன் பதினொன்று? எண் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள் என்று நினைத்தேன். நிறைய குடங்கள் செய்தாள், அவ்வளவுதான்.]

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது. அது நீலமேகத்தின் சிரிப்பில் தொடங்குகிறது.

3

நீலமேகம் வியாசர்பாடியில் கானா பாடுகிறவர். அவர் குழுவில் தாளத்துக்கு மண்குடம்தான்; அதில் ஒரு வழக்கம் உண்டு. குடம் யாருடையதோ அவர்தான் அதை அடிக்க வேண்டும். சொந்தக்காரர் வராவிட்டால் குடம் மேடையில் கவிழ்ந்தே இருக்கும். வேறு எவர் விரலும் அதன்மேல் படாது. குடத்தோடு வந்தவரை அடிக்காதே என்று தடுக்கவும் கூடாது.

செங்கொடிக்கு, அதாவது பேருந்துப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர், அந்தக் கடைசிப் பாதி போதுமாக இருந்தது. திருவொற்றியூரில் மொஹ்சின் பாயின் லேத் பட்டறையில் அவளுக்கு வேலை. அவள் விரல்கள் பகலெல்லாம் சாப்பாட்டு டப்பாவையோ தண்ணீர் கேனையோ தட்டிக்கொண்டே இருக்கும். கச்சேரிகளில் எல்லோரும் பாடுகிறவனைப் பார்ப்பார்கள். அவள் குடம் அடிப்பவனின் கட்டைவிரலைப் பார்ப்பாள். எங்கே பிசகியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியாது. ஒரு நாள் கடையில் குடம் ஒன்று வாங்கிக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள்.

"இன்னாமே இது?" என்றார் நீலமேகம்.

"குடம்ணே. என்னுது. நான்தான் அடிப்பேன். அதானே உங்க வழக்கம்?"

நீலமேகம் குடத்தைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "காசு குட்த்து வாங்கினா உன்னுதாய்டுமா? இது கடக்காரன் குடம்மே. அவன இட்டுகினு வா, ஒக்காந்து அடிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே கவிழ்ந்திருந்த மற்ற குடங்களும் கடையில் வாங்கியவைதான். அது அவள் நாக்கு நுனி வரை வந்தது. [சொல்ல வைத்துப் பார்த்தேன். வாதத்தில் ஜெயித்தாள், வீட்டுக்குப் போனாள், கதை முடிந்தது. அவளுக்கு வேண்டியது வாதம் இல்லை. மேடையில் ஓர் இடம்.]

"அப்ப நானே செஞ்சு எடுத்தாந்தா?"

சிரிப்பு நின்றது. நீலமேகம் தாடையைச் சொறிந்தார். இத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியாது.

"எடுத்துகினு வா. ஏப்ரல் பதினாலு கச்சேரி, மேடையில என் பக்கத்துலயே எடம். ஆனா ஒண்ணு, குடம் பேசணும். தொப்புன்னுச்சுன்னு வெய்யி, அதுல நீ பழைய சோறு போட்டு வெச்சுக்க."

4

அவள் பரம்பரையில் யாரும் மண்பாண்டம் செய்தவர்கள் இல்லை. கைபேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சக்கரம் கிடையாது. மாதவரம் பக்கத்து ஏரி மண்ணைப் பிசைந்து, கயிறுபோல் திரித்து, வளையத்தின்மேல் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கை வெளியே ஒரு கை வைத்துத் தட்டி எழுப்புவாள். பட்டறையில் கூட்டும் இரும்புத்தூளில் மாவுபோல் இருப்பதை மட்டும் சலித்து மண்ணில் கலப்பாள். உலோகம் கலந்தால் நாதம் வரும் என்று எங்கோ கேட்டிருந்தாள். காய்ந்ததும் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவாள்.

சூளை கிடையாது. வியாசர்பாடியில் அவள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் புகை போட்டால் அடிதான் விழும். அதனால் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், அவளுக்கு மீன் விற்கும் பூவம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி. காசிமேட்டில் படகு கட்டும் இடத்து மரத்தூள், வறட்டி, சவுக்குச் சிராய் எல்லாம் போட்டு நடுவில் குடத்தை வைத்துக் கொளுத்துவாள். எரிந்து தணிந்ததும் தகரத்தால் மூடி, மேலே கடற்கரை மண்ணைத் தள்ளுவாள். மறுநாள் காலையில் ஆறிவிடும்.

குடம் உடையாமல்தான் வரும். தட்டினால் தொப். ஒவ்வொரு முறையும் தொப். மேலே தள்ளும் ஈர மண் சூட்டைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது; குடம் முழுசாக வேகவில்லை. பூவம்மா வீட்டு உப்பு, புளி, கோழித்தீனி எல்லாம் இப்போது தோற்றுப்போன குடங்களில்தான் இருக்கின்றன.

5

பூவம்மாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வியாசர்பாடியில் மீன் விற்க வரும் இந்த அம்மாள், முதல் வரைவில் ரொம்பவும் நல்லவளாக இருந்தாள். 'நெருப்புக்கு எல்லாம் தெரியும், மகளே' என்றுகூடச் சொன்னாள். வஞ்சிரம் எடைபோடுகிறவள் அப்படிப் பேசுவாளா? நீக்கினேன். அடுத்த வரைவில் அவள் ஒரு தப்பு செய்தாள். அதற்குப் பிறகுதான் அவளை நம்பினேன்.

ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி, கடைசிக் குடத்துக்குத் தீ மூட்டிவிட்டு செங்கொடி பட்டறைக்கு ஓடினாள். "அக்கா, தணிஞ்சதும் தகரம் போட்டு மண்ணத் தள்ளிடு."

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், குழியின் மேல் மண் இல்லை. சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒரு மேடு.

"அக்கா, இன்னா போட்ட?"

"சாம்பல். அனல் மின் நிலையத்து சிம்னிலேர்ந்து காத்துல வந்து டெய்லி என் வூட்டு மேல, கருவாட்டு மேல கொட்டிகினு கீது. கூட்டிக் கூட்டி இடுப்பு ஒடியுது. ஒரு வாட்டியாவது வேல செய்யட்டுமேன்னு மொத்தத்தையும் தள்ளிட்டேன்."

"மண்ணுதானே சொன்னேன்!" செங்கொடி மேட்டில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. "போச்சு. நெருப்பு செத்துப்பூட்ச்சு."

"செத்துச்சா? நீ பாத்தியா?" பூவம்மா ஒரு சவுக்குக் குச்சியை எடுத்துத் தகரத்தின் ஓரமாக மேட்டுக்குள் சொருகினாள். கொஞ்ச நேரம் கழித்து உருவினாள். குச்சியின் முனை கருகிப் புகைந்தது. "தோ பாரு. கம்பளி போத்திகினு தூங்குது."

செங்கொடி குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இதுவரை எந்தக் குடமும் இத்தனை நேரம் சூட்டில் இருந்ததில்லை. ஆனால் கச்சேரி இன்று சாயங்காலம். இப்போது திறந்தால் கடற்காற்று பட்டுக் குடம் பிளக்கும். ஆறும்வரை விட்டால் மேடை போய்விடும்.

6

முடிவு ஒன்று: அவள் திறக்கிறாள். காற்று. விரிசல். அந்த விரிசல் ஓடும் சத்தத்துக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். மிக அழகாக வந்திருந்தது.

அதுதான் என்னை உறுத்தியது. தோற்கிறவளை எழுத என் கை இவ்வளவு லாகவமாக ஓடுவது ஏன்? தோற்றவள் என்னோடு இருந்துவிடுவாள். அவளுக்காக வருந்த நான் வேண்டும். ஜெயித்தவளுக்கு நான் வேண்டாம். எழுந்து போய்விடுவாள். அதை நான் விரும்பவில்லை போலும்.

முடிவு இரண்டு: குடத்தைக் குழியிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு கூட்டத்தில் நின்று பாட்டுக் கேட்க அவள்...

[போகவில்லை. எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்தேன், குழியைவிட்டு நகரவில்லை. அதோடு, என்னிடம் இருக்கும் ஒரே உண்மை பேருந்தில் கேட்ட அந்த வாக்கியம். அங்கே அந்தச் சாக்கு மடியில் இருக்கிறது. சூடாக இருக்கிறது.]

7

அவள் காத்திருந்தாள். மேலிருந்து ஒரு கைப்பிடி சாம்பலை எடுப்பாள். அந்த இடம் ஆறும் வரை கைகட்டி உட்காருவாள். மறுபடி ஒரு கைப்பிடி. வெயில் உச்சிக்கு வந்து சரிந்தது. கைபேசி அடித்தது.

"இன்னாமே, வர்றியா இல்லியா?" நீலமேகம்.

"வெந்துகினு கீதுண்ணே."

"எது, பழைய சோறா?" பின்னால் சிரிப்பு கேட்டது.

"நீ எடத்த காலி பண்ணி வெய்யிண்ணே."

கடைசியில் தகரத்தை நகர்த்தினாள். உள்ளே குடம். கழுத்து கருகருவென்று மின்னியது; வயிற்றில் தீ நக்கிய இடமெல்லாம் செம்பு நிறம். இருவரும் குனிந்து சுற்றிலும் பார்த்தார்கள். விரிசல் இல்லை. பூவம்மா ஆசையாகச் சுண்டுவதற்கு நகத்தை நீட்டினாள்.

"அக்கா, தொடாத!"

"அடியே, மேட ஏர்றதுக்கு முன்னாடியே உங்க வழக்கத்த ஆரம்பிச்சுட்டியா?"

செங்கொடி நடுவிரலைக் கட்டைவிரலில் மடக்கினாள். சுண்டினாள்.

ணங்.

அந்த ஒலி கழிமுகத்துத் தண்ணீர்மேல் போய்க்கொண்டே இருந்தது. படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவன் திரும்பிப் பார்த்தான். பூவம்மா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, "பேசுதுமே! உன் குடம் பேசுது!" என்று கத்தினாள். பிறகு, சாம்பலைத் தள்ளினது யார் என்று கேட்டாள். அப்புறம் பஸ் வரும்வரை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

8

பேருந்தை உங்களுக்குத் தெரியும். இனி வியாசர்பாடி.

முதல் பாட்டு முடிந்திருந்தது. மேடையில் நீலமேகத்தின் வலப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் காலியாக இருந்தது. அவள் ஏறி, உட்கார்ந்து, சாக்கைப் பிரித்தாள். நீலமேகம் பார்த்தார். வழக்கத்தை மறந்து அவர் கை குடத்தை நோக்கி நீண்டது.

"தொடாதண்ணே. இன்னும் சூடா கீது."

கை பாதியில் நின்றது. அவர் சிரிக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "அடுத்த பாட்டு. குடம், நம்ம செங்கொடி."

தெருவே விசிலடித்தது. அவள் குடத்தை மடியில் சாய்த்தாள். அதன் சூடு புடவையைத் தாண்டி வயிற்றில் இறங்கியது. வலது கையை உயர்த்தினாள்.

அந்த முதல் அடியை எழுத நான் பலமுறை முயன்றேன்: 'ணங் ணக்க ணங், மழைபோல்...' [மழை இல்லை.] 'இடிபோல்...' [இல்லை.] பிறகுதான் எனக்கு உறைத்தது. வழக்கம் எல்லோருக்கும் வழக்கம்தான். இந்த மண்ணை நான் பிசையவில்லை; குழி ஓரத்தில் நாள் முழுக்க உட்காரவும் இல்லை.

நான் கையை எடுத்துக்கொள்கிறேன். எப்படி முடியும் என்று ஊகித்துக்கொண்டிருக்கும் நீங்களும் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

குடம் அவளுடையது. அவள்தான் அடிப்பாள்.