பேச்சியம்மா சுற்றிவிட்ட சேலை

ஆடி மாதக் காற்று மழையை நேராக விழவிடாமல் சாய்த்து முகத்தில் அறைந்தது. விடிந்தும் விடியாததுமாகப் பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டு, பேச்சியம்மாவும் இன்னும் நாலு பெண்களும் நாலாம் நம்பர் மலையில் ஏறினார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனத்தது. விரல்கள் விறைத்துப்போய், கொழுந்து எது முற்றல் எது என்று கைக்குத் தெரியவில்லை. மழைக்கு லிந்துலை டவுன் கடைக்காரர்கள்கூடக் கதவைச் சாத்துவார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் சாத்துவதற்குக் கதவு கிடையாது.

முதல் நாள் மாலை நாகலெட்சுமி லயத்து வீட்டுக்குத் திரும்பவில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்தவள் நிரையில் பின்தங்கிவிட்டாள். விட்டதை முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று கங்காணி கந்தப்பன் அவளை மட்டும் மலையில் நிறுத்திவைத்தான். தேட ஆள் கேட்டுப் போன அவள் புருஷன் வீரய்யாவிடம், டவுனுக்குப் போயிருப்பாள், காலையில் பார்க்கலாம் என்று தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கு சொல்லி அனுப்பிவிட்டார். தனியாக ஏறிய வீரய்யா பனிமூட்டத்தில் வழி தெரியாமல் திரும்பிவந்தான்.

மறுநாள் கொழுந்து பறித்துக்கொண்டே போனவர்களுக்கு எதிரே, மழைநீர் ஓடும் கானோரத்தில் முதலில் ஒரு சேலை கிடந்தது. எட்டடி தள்ளி ரவிக்கை. அதற்கும் அப்பால், தேயிலைச் செடிகளுக்கு அடியில் நுழைந்து, நாகலெட்சுமி சுருண்டு கிடந்தாள். உடம்பில் ஒரு முழத் துணி இல்லை.

பேச்சியம்மாவின் நெஞ்சு எதை நினைத்துப் பதறியதோ அதையே மற்ற நாலு பேரும் நினைத்தார்கள். வாய்விட்டு ஒருத்தியும் சொல்லவில்லை. படங்குகளை அவிழ்த்து மறைப்புப் பிடித்தார்கள். பேச்சியம்மா லயத்துக்கு ஓடித் தன் சேலை ஒன்றை மழைத்தாளில் பொதிந்து கொண்டுவந்து, விறைத்த உடம்பில் சுற்றினாள். ஈரத்துணிகளைக் கூடையில் போட்டுக் கொழுந்தால் மூடினார்கள். வீரய்யாவுக்குக்கூடச் சொல்வதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்தார்கள். செத்தவளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நம்பினார்கள். பாவிகள், தோட்டத்தை நடத்தும் துரையை அல்லவா காப்பாற்றியிருந்தார்கள்!

துரை வந்து, கார்க் கதவைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார். குளிருக்குச் சாராயம் குடித்திருக்கிறாள், விழுந்து செத்திருக்கிறாள்.

"அவ குடிக்கிறவ இல்லீங்க தொரை. குளிர்லதான் செத்திருக்கா" என்றாள் பேச்சியம்மா.

"ஒரே மலை, ஒரே மழை. குளிர்னா எல்லாரும்தானே சாகணும்?"

"எல்லாரும் சாகுறவரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கணுங்களா?"

துரை கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பிரேதத்தை நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். வீரய்யாவோடு பேச்சியம்மாவும் லொறியில் போனாள். அறுத்துப் பார்த்த டாக்டர் ஊர்மிளா யாழ்ப்பாணத்தவள். வீரய்யாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேச்சியம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"சேலையில ஒரு பொட்டுச் சேறில்லை. உள்ள உடம்பெல்லாம் சேறு. ஆர் உடுத்திவிட்டது?"

பேச்சியம்மாவுக்கு மலையில் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. எதுவும் தெரியாதென்று தலையை ஆட்டினாள்.

டாக்டர் அதட்டவில்லை. சாராய வாடையே இல்லை என்றாள்; என்றாலும் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறாள். இரைப்பைக்குள் கறுத்த புள்ளிகள், முழங்காலிலும் முழங்கையிலும் செந்திட்டுகள். குளிரைத்தான் சந்தேகிக்கிறாள். ஆனால் குளிர், கத்தியைப் போல வெட்டுக்காயம் வைத்துவிட்டுப் போவதில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும்; ஆள் எப்படிக் கிடந்தாள் என்பதும் தெரிய வேண்டும்.

"குளிரில சாகிற ஆக்களுக்குக் கடைசி நேரத்தில உடம்பு எரியிற மாதிரி இருக்குமம்மா. தாங்களே உடுப்பைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, எங்கயாவது ஊர்ந்துபோய் ஒடுங்கிப் படுப்பினம். ஆரும் அவவைத் தொட்டதுக்கு ஒரு அடையாளமும் இல்லை."

பேச்சியம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். மலையில் பார்த்ததிலிருந்து நெஞ்சில் கிடந்த பயம் போனது. அந்த இடத்தில் வேறொரு துக்கம் வந்து உட்கார்ந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இதையே மரண விசாரணையில், எல்லார் முன்னும் சொல்ல வேண்டும் என்றாள் டாக்டர். சொன்னாலும் துரைமார் விடமாட்டார்கள், இழுத்தடிப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நாலு பெண்களையும் கூட்டினாள். அம்மணமாகக் கிடந்தாள் என்று சபையில் சொன்னால் நாளைக்கு ஊர் என்ன பேசும் என்று ஒருத்தி கேட்டாள். சொல்லாவிட்டால் குடிகாரி என்று எழுதிவிடுவார்கள், இந்த மழைக்குள் நாளைக்கு நம்மில் ஒருத்தியைத் தனியாக நிறுத்தினாலும் கேட்க நாதியிருக்காது என்றாள் பேச்சியம்மா. கடைசியில் ஐந்து பேருமாகப் போய், பார்த்ததையும் டாக்டர் சொன்னதையும் வீரய்யாவிடம் சொன்னார்கள்.

"தனியாவா கெடந்து எரிஞ்சா?" என்று மட்டும் கேட்டான்.

மரண விசாரணை அதிகாரி தோட்டத்து ஆபீசில் விசாரணை நடத்தினார். அன்று பெரட்டில் கந்தப்பன் பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். லயமே ஆபீஸ் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. சாராயக் கதையைக் கண்டாக்கு மனப்பாடமாக ஒப்பித்தார். பிறகு பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்கள். காய்ச்சல்காரியை மலையில் நிறுத்தியதைச் சொன்னாள், கானோரத்தில் கிடந்த சேலையைச் சொன்னாள். அதற்குமேல் நாக்கு எழவில்லை. பார்த்த மற்ற நாலு பேரும் முன்னால் வந்து நின்றார்கள், அவர்களுக்கும் எழவில்லை.

ஒரு பொம்பிளையின் மானத்தை இப்படிச் சந்திக்கு இழுக்க வேண்டுமா என்று துரை மிகவும் வருத்தப்பட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரய்யா உள்ளே வந்தான்.

"எழுதிக்குங்க ஐயா. எம் பொஞ்சாதி பொட்டுத் துணியில்லாமத்தான் கெடந்தா. அதுக்கு வெக்கப்பட வேண்டியது அவ இல்ல."

"ஆமாங்க, நாங்கதான் பார்த்தோம்" என்றாள் பேச்சியம்மா. நாலு குரல்கள் அதையே சொல்லின. அதிகாரியின் பேனா ஓடியது. இரத்தப் பரிசோதனை வருமட்டும் தீர்ப்பு இல்லை என்று அவர் எழுந்தார். அது வர எத்தனை மாதமாகுமோ, வந்தாலும் யார் கைக்குப் போகுமோ, ஒருவருக்கும் தெரியாது.

நாளைக் காலை நாலாம் நம்பர் மலை என்று கந்தப்பன் படியில் நின்று கத்தினான். ஒருத்தியைத் தனியாக நிறுத்தமாட்டோம் என்று எழுதித் தரும்வரை அந்த மலையில் யாரும் ஏறுவதில்லை என்று பேச்சியம்மா சொன்னாள். அவன் மற்றவர்களைப் பார்த்தான். மழை வலுத்திருந்தது, ஒருவரும் நகரவில்லை.