மர்ளியாவின் 2016

ஹயாத்து முகம்மதின் தோட்டத்து 2007ஆம் ஆண்டு மாதுளம்பாகைக் கரைத்துக் குடித்தவர்கள் தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் நடப்பார்கள். அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள் என்பதால் ஆலங்குடாவில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. செருப்பு தேயாது என்று மட்டும் சொல்லிக்கொள்வார்கள். அந்த வருஷம் கச்சான் காற்று நாற்பது நாள் ஓயாமல் அடித்தது, காற்று பழத்துக்குள் போயிற்று, பழத்திலிருந்து போத்தலுக்குள் போயிற்று, அவ்வளவுதான். 2003ஐத் திறந்தால் திறந்த வீட்டின் மேல் மட்டும் மழை பெய்யும். கொடியில் உடுப்புக் காயாத நாளாகப் பார்த்துத் திறப்பார்கள். 2005 உப்புக் கரிக்கும், குடித்தவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார். 2009ஐக் குடித்த வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு எந்தச் சத்தமும் எழாது, அதனால் கைக்குழந்தை உள்ள வீட்டார் அதைத்தான் முந்திக்கொண்டு கேட்பார்கள்.

மணல் நிலத்தில் இரண்டு ஏக்கர், நூற்று நாற்பது மரம். நவம்பரில் பழம் பறித்து, சாறு பிழிந்து, சீனி போட்டு, சிரட்டைத் தணலில் மூன்றில் ஒன்றாக வற்றவைத்து, போத்தலில் அடைத்து மெழுகு வைத்து, பறித்த வருஷத்தையும் சேர்த்து ஆறு வருஷம் இருட்டறையில் விட வேண்டும். ஆறு வருஷம் ஆகாத பாகு வெறும் இனிப்பு. ஆனதும் அதை நோன்பு மாதத்தில் ஆலங்குடாப் பள்ளிக்கு அனுப்புவது வழக்கம். ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு வருஷத்துப் பாகு, ஆளுக்குச் சின்னக் கோப்பையில் ஒரு மிடறு. பகல் முழுக்கக் காய்ந்த நாக்குக்குத்தான் வருஷத்துக்கு வருஷம் உள்ள வித்தியாசம் பிடிபடும் என்பது ஊரின் முடிவு. எது எதைவிட மேல் என்று தீர்ப்புச் சொல்கிறவர் பதுர்தீன். கனமூலையில் முப்பது வருஷம் பழக்கடை வைத்திருந்தவர், அவருடைய நாக்கை மறுத்துப் பேச இந்தக் கரையில் ஆளில்லை.

ஹயாத்து முகம்மது 2013 தொடக்கத்தில் மௌத்தானார். மரத்தை விற்றுவிடு என்று ஊரே அவருடைய மனைவி மர்ளியாவுக்குச் சொன்னது. அவள் விற்கவில்லை. பகலில் கருவாட்டு வாடியில் வேலை செய்தாள், அஸர் தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள், பொழுது சாயச் சாயப் பழம் பறித்தாள். அவளுடைய முதல் போத்தலான 2013ஐ ஆறு வருஷம் கழித்துப் பள்ளியில் திறந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2014ஐ ஊரடங்கு வருஷத்தில் அவரவர் வீட்டிலிருந்து குடித்தார்கள், அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. 2015க்கும் அதே கதை. பதுர்தீன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனிப்பு இரிக்கி" என்றார். அந்த இரண்டு சொல் மர்ளியாவின் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. புருஷனுக்குக் கிடைத்த பேர் தனக்கும் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதை ஒளித்துவைக்கிற ஆளும் அவளில்லை.

2022 நோன்பு வந்தது. அந்த வருஷம் மின்சாரம் முறை வைத்துத்தான் வந்தது. பள்ளிச் சுவர் மணிக்கூட்டுக்குப் பட்டரி தீர்ந்திருந்தது, டவுனுக்குப் போய் வாங்கப் பெற்றோல் இல்லை, எல்லார் போனும் செத்துக் கிடந்தது. முஅத்தின் நஸீர் வானத்தைப் பார்த்துத்தான் பாங்கு சொன்னான். நாலாம் நோன்பன்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று மர்ளியா இரண்டு போத்தல்களை ஒரே பையில் அனுப்பினாள். ஒன்று அவளுடைய 2016. மற்றது ஹயாத்துவின் 2006. அந்த வருஷம் பாதி மரம் பட்டுப்போய் மூன்றே போத்தல் தேறியதால், அதுவரை யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. நஸீர் எந்த வருஷம் என்று பார்க்காமல் கைக்கு வந்த போத்தலைத் திறந்து கோப்பைகளில் ஊற்றினான். ஊற்றி முடிவதற்குள் மேற்கு சிவந்தது, சூரியன் மறைந்தது, வௌவால் பறந்தது. அவன் பாங்கு சொன்னான், ஊர் நோன்பு திறந்தது. கஞ்சிக் கோப்பை பாதியான நேரத்தில் சூரியன் திரும்பவும் கடலுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்றது. பதுர்தீனின் வாயில் பெட்டிஸ் இருந்தது. பிறகு சாவகாசமாகப் பக்கத்து ஊரான பள்ளிவாசல்துறையிலிருந்து உண்மையான மஃரிப் பாங்கு காற்றில் வந்தது. மர்ளியாவையும் சேர்த்து எண்பத்து மூன்று பேருடைய நோன்பு அன்று முறிந்தது.

மறுநாள் காலை நஸீர் பையைத் திருப்பிக் கொண்டுவந்தான். "ராத்தா, மௌத்தான மனிசன்ட போத்தல்ல என்னத்தக் குத்தம் சொல்ற? நாளைக்கி ஜும்ஆவுக்குப் பொறகு நிருவாகம் கூடுது. ஹயாத்து நாநாட போத்தல் ஒண்டும் இனிப் பள்ளிக்கு வராதாம். ஒங்கடதுக்கு ஒண்டுமில்ல, நீங்க அனுப்பலாம்" என்றான்.

அவன் போன பிறகு பையைத் திறந்தாள். 2006 மெழுகு உடையாமல் அப்படியே இருந்தது. காலியாக இருந்தது அவளுடைய 2016. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம், சத்தம் போட்டுச் சிரிக்கிற சந்தோஷம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுடைய போத்தல்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டே இருக்கும், பழி மண்ணுக்குள் இருக்கிறவரோடு போய்விடும். வாயைத் திறந்தால் எண்பத்து மூன்று நோன்பு முறித்தவள் என்ற பேர்தான் முதலில் கிடைக்கும். இரண்டு நாளும் கருவாடு புரட்டிக்கொண்டே யோசித்தாள். என்ன யோசித்தும், தன்னுடைய பொழுதை இன்னொருவர் பேரில் எழுதிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. புருஷன் என்றாலும்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலைந்ததும் பள்ளி விறாந்தையில் நிருவாகம் கூடியது. மர்ளியா இரண்டு போத்தல்களோடு படியில் வந்து நின்றாள்.

"இது அவர்ட 2006. இன்னும் தொறக்கல்ல, மெழுகப் பாருங்க. பொழுத எறக்கினது என்ட போத்தல். எம்பத்தி மூணு நோன்புக்கும் நான்தான் பொறுப்பு" என்றாள்.

தலைவர் அஹமட் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய குரலில், "புருஷன்ட பேரக் காப்பாத்த நீங்க பழிய எடுக்கிறீங்க மர்ளியா. நல்ல கொணம்தான். ஆனா ஒங்கட போத்தல்ல இனிப்பத் தவிர என்ன இரிக்கி?" என்றார்.

பழி சுமக்க வந்தவளுக்கு இதைக் கேட்டதும் கோபம் உச்சிவரை ஏறிவிட்டது. கொண்டுவந்த மற்றப் போத்தல் இன்னும் திறக்காத ஒரு 2016. கதிரையில் வைத்தாள், மெழுகைச் சுரண்டினாள், தக்கையைப் பிடுங்கினாள்.

புதுப் பட்டரி போட்ட மணிக்கூடு ஒன்று நாற்பது காட்டியது. பொழுது இறங்கத் தொடங்கியது. நவம்பர் மாதத்துக் குளிர், நனைந்த மணல், தூரத்தில் கருவாட்டு வாசம். காகம் கூட்டமாகத் தென்னைக்குத் திரும்பியது, மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் வரிசையாக வீட்டுக்கு நடந்தன, எதிர் வீட்டில் விளக்கேற்றினார்கள். நோன்பாளிகள் கையை மடியில் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். நஸீரின் வாய் பழக்கத்தில் பாங்குக்குத் திறந்தது. பதுர்தீன் எட்டி அதைப் பொத்தினார். இருபத்தைந்து நிமிடம் அப்படியே இருந்தார்கள். பிறகு உச்சி வெயில் திரும்பிவந்து விறாந்தையில் விழுந்தது. ஆடுகள் குழம்பிப்போய்த் திரும்பவும் மேயப் போயின.

அஹமட் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். பதுர்தீனின் கண் கலங்கியிருந்தது. "ஹயாத்து காத்தையும் மழையையும் புடிச்சி அடைச்சான். இவ பொழுதையே புடிச்சிட்டா" என்றார். நோன்பு என்பதால் அவரால் ருசி பார்க்க முடியவில்லை. போத்தலை மூடச் சொல்லி, வேறு யாரையும் நம்பாமல், மஃரிப் வரைக்கும் அதற்குப் பக்கத்திலேயே கதிரை போட்டுக் காவல் இருந்தார். மணிக்கூட்டைப் பார்த்துப் பாங்கு சொன்ன பிறகு ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு கேட்டு வாங்கினார், இது அவர் வாழ்நாளில் செய்யாத காரியம். முதலில் மெல்லிய புளிப்பு, அதன் பின்னால் இனிப்பு, இனிப்புப் போன பிறகு நாக்கின் அடியில் நெடுநேரம் நிற்கிற ஒரு குளிர்ச்சி என்று விளக்கினார். "இத்தன வருஷத்திலயும் இதுதான் மேல. ஹயாத்து இருந்தாலும் ஓம் எண்டுதான் செல்லுவான்." செய்தி கேட்டபோது மர்ளியா வீட்டில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அகப்பையை வைத்துவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனாள். நூற்று நாற்பது மரத்துக்கு நடுவில் நின்று, ஆசை தீரப் பெருமைப்பட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

பெருநாள் முடிந்த முதல் திங்கட்கிழமை எண்பத்து மூன்று பேரும், முறிந்த நோன்புக்கு ஈடாக, ஒரே நாளில் களா நோன்பு பிடித்தார்கள். கஞ்சி முழுக்க மர்ளியாவின் கை. நிருவாகம் அவளுடைய போத்தல்களைத் தடைசெய்யவில்லை. தொழுகை நேரம் எழுதிய பலகைக்குப் பக்கத்தில், "மர்ளியாவின் 2016 திறக்கும் நாட்களில் மணிக்கூட்டுப்படி மட்டுமே நோன்பு திறக்கவும்" என்று ஓர் அறிவித்தல் தொங்கவிட்டது. அடுத்த வருஷம் 2017ஐத் திறந்தார்கள், அந்தப் பொழுதில் நட்சத்திரங்களும் இருந்தன. பதுர்தீன் அதை 2016க்குக் கீழே, ஹயாத்துவின் 2007க்கு மேலே வைத்தார். அதற்கடுத்த வருஷம் 2018ஐத் திறந்தபோது மேற்கே பிறை தெரிந்தது, இருபத்தோராம் நோன்பிலேயே இரண்டு வீட்டில் பெருநாள் பலகாரத்துக்கு மா குழைத்துவிட்டார்கள். இப்போது பலகையில், "மர்ளியாவின் 2018இல் தெரியும் பிறை கணக்கில் எடுக்கப்பட மாட்டாது" என்ற வரியும் இருக்கிறது. வெளியூரிலிருந்து தொழ வருகிறவர்கள் அதையும் தொழுகை நேரத்தோடு சேர்த்து வாசித்துவிட்டு, உளூச் செய்துகொண்டு உள்ளே போகிறார்கள்.