ஹாதி காதுல இன்னா கேக்குது

பேச்சுப் பயிற்சி வகுப்பு முடிந்து வைத்திக்குப்பத்துக்குத் திரும்பியதிலிருந்து கவிநிலா கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை. பிள்ளை அடம் பிடிக்கிறது என்றுதான் கார்குழலி முதலில் நினைத்தாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அரிவாள்மனையைத் தள்ளி வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று ஓங்கிக் கைதட்டினாள். ஆறு வயதுப் பிள்ளை மணலில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தது. காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த மிஷினில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. மூன்று வயதில் அறுவை செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே மாட்டும் மிஷின்தான் சத்தத்தைப் பிடித்து அதற்கு அனுப்ப வேண்டும். 'அம்மா' என்ற சொல் அந்த வாயிலிருந்து வரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கார்குழலி பேட்டரியை மாற்றினாள். துடைத்தாள். "சனியனே, பேசேன்" என்று தட்டினாள். சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். விளக்கு மின்னியதே தவிர பிள்ளை நிமிரவில்லை. புருஷன் கடலில். வேறு மிஷின் வர மாசக்கணக்காகும், அதற்குள் கற்ற பேச்செல்லாம் கரைந்துபோகுமே என்று மகளைத் தூக்கிக்கொண்டு ரெட்டியார்பாளையத்துப் பயிற்சி மையத்துக்கே ஆட்டோவில் திரும்ப ஓடினாள்.

அங்கே, கவிநிலாவோடு படிக்கும் ஹாதியின் அம்மா இஃப்ஃபத் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "இவனுக்கும் கேக்கலக்கா."

மையத்து நிபுணர் செந்தமிழ்ச்செல்வி இரண்டு மிஷினையும் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"ரெண்டும் நல்லாதான் இருக்கு. பிள்ளைங்க மாத்தி மாட்டிக்கிட்டு வந்திருக்காங்க."

"ஒரே மாதிரி மிஷின்தானே மிஸ்? யார் போட்டா இன்னா?" என்றாள் கார்குழலி.

"தலைக்குள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கும்மா. மாட்டுன உடனே மிஷின் அதைத்தான் கேக்கும். தன் ஆளு இல்லன்னா வாயே திறக்காது. ஹாதிக்கு அளந்து வெச்ச சத்தம் இவளுக்குள்ள போயிருந்தா இடி விழுந்த மாதிரி ஆயிருக்கும்."

கார்குழலிக்கு விரல் கூசியது. பொத்தானை எத்தனை அழுத்து அழுத்தினாள்! எத்தனை திட்டு திட்டினாள்! அவ்வளவுக்கும் அது அசையவில்லை. பெற்றவள் சொல்லியும் கேட்காமல், தன்னுடையதல்லாத பிள்ளைக்குள் ஒரு துளி சத்தத்தையும் விடாமல் நின்றிருக்கிறது. எந்த ஊரிலோ உட்கார்ந்து இதைச் செய்த யாரோ ஒருவர், இந்தப் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், இப்படியும் ஒரு நாள் வரும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறாரே! அந்த மிஷினை இரண்டு கையாலும் ஏந்தி இஃப்ஃபத்திடம் கொடுத்தாள்.

அவரவர் மிஷின் அவரவர் காதுக்குப் போனது. விளக்குகள் பச்சையாயின.

"ஏண்டி மாத்துன?"

கவிநிலா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஹாதி காதுல... இன்னா கேக்குதுன்னு... பாத்தேன்."

"இன்னா கேட்டுச்சி கண்ணு?" என்றாள் இஃப்ஃபத்.

"ஒண்ணுமே இல்ல. ஹாதி பாவம்."

அழுதுகொண்டிருந்த இஃப்ஃபத் வாய்விட்டுச் சிரித்தாள்.

நால்வரும் வெளியே வந்தார்கள். விழுப்புரம் போகும் பஸ் ஒன்று வளைவில் காது கிழிய ஹாரன் அடித்தது. கடை வாசலில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் துள்ளித் திரும்பி, வாயைப் பிளந்து பஸ்ஸைப் பார்த்தார்கள். அம்மாக்கள் இருவரும் நகராமல் நின்றார்கள், அது இன்னொரு முறை அடிக்காதா என்று.