ஏழாம் படுக்கைக்குக் கேட்ட குரல்

ஐசியூவில் சத்தம் அதிகம் என்று எழுதிக் கொடுத்தவள் ட்ரீசாதான்.

கோட்டயத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஐசியூவிலிருந்து பிழைத்து வருகிறவர்களில் பலர், உடம்பு தேறிய பிறகும் பயத்தில் தூங்காமல் தவித்தார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவள் கேள்வி. முதலில் சத்தத்தை அளந்தாள். மெஷின்களின் அலாரம், டெலிபோன், தள்ளுவண்டி என்று பட்டியல் போட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'காலையில் தரை துடைக்கும் பணியாளர் உரக்கப் பேசுகிறார்.'

அதைப் படித்த மேட்ரன் மறுநாளே, தரை துடைக்கும் கார்த்தியாயினியை வெளிநோயாளிகள் பகுதிக்கு மாற்றிவிட்டார். ட்ரீசா அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் அவள் பேட்டி எடுத்தது சதானந்தனை. பக்கத்து ஊரான பாலாவுக்குப் பஸ் ஓட்டுகிறவர். நரம்பைத் தாக்கும் ஒரு நோய் வந்து, ஏழாம் படுக்கையில் பத்தொன்பது நாள் இமையைக்கூடத் திறக்க முடியாமல் கிடந்தவர். ஆனால் அவர் சொன்ன பதில்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தால் பயம் மிகக் குறைவாக வந்தது.

"சேட்டா, சும்மா எனக்காகச் சொல்றீங்களா? பயமே இல்லையா?"

"இல்லாம என்ன சிஸ்டர்! முதல் ரெண்டு நாள் செத்துட்டேன்னுதான் நெனச்சேன். தலைமாட்டுல நின்னு எல்லாரும் என்னைப் பத்திப் பேசுவாங்க. எங்கிட்ட யாரும் பேசல. அப்புறம்தான் ஒரு பொம்பள வந்தா. 'சேட்டா, இன்னைக்குச் செவ்வாக்கிழம, மணி ஏழு. வெளிய சரியான மழை. உங்க வீட்டுக்காரி புட்டும் கடலையும் சாப்பிட்டுட்டா, நான் பாத்தேன். இப்போ கட்டில் லேசா ஆடும், பயப்படாதீங்க'ன்னா. அப்பத்தான் நான் உசிரோட இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுது."

"எந்த நர்ஸ்?"

"முகம் எங்க பாத்தேன்? முதல்ல ஃபினாயில் வாசனை வரும், பின்னாலயே குரல் வரும். கடைசி மூணு நாள் அது வரல. அந்த மூணு நாளப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

ட்ரீசா 'ஃபினாயில்' என்று எழுதி அடிக்கோடிட்டாள். அறைக்குப் போய்ப் பழைய படிவங்களைப் புரட்டினாள். ஒன்பது பேர் 'ஒரு குரல் கேட்டது' என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதையும் அவள் மனப்பிரமை என்ற கட்டத்தில் குறித்து வைத்திருந்தாள். உரக்கப் பேசுகிறார் என்று தான் எழுதிக் கொடுத்த அந்தப் பணியாளரின் குரல்தான் அது.

விசாரித்துக்கொண்டு போனபோது, கார்த்தியாயினி எக்ஸ்ரே அறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, உங்களை இங்க மாத்தினதுக்குக் காரணம் நான்தான். நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"தெரியும் மோளே." கார்த்தியாயினி மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "ரெண்டு நாள் உன்னை நல்லா திட்டினேன். அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன் சேச்சி அவங்ககிட்டப் பேசுனீங்க? யாராவது சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? ஆளு படுத்திருக்கிற இடத்துல வாயத் தெறக்காம தொடச்சா, பொணத்தச் சுத்தித் தொடைக்கிற மாதிரி இருக்கு. எனக்குத்தான் பயம், அதான் பேசினேன்."

ட்ரீசா அன்றே மேட்ரனிடம் போய், தான் எழுதியது தப்பு என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாள். "ஆராய்ச்சிக்காரி இப்படித் தன் தப்பைத் தானே எழுதிக்கிட்டு வருவாளாடி?" என்று மேட்ரன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆனாலும் திங்கட்கிழமை கார்த்தியாயினி ஐசியூவுக்குத் திரும்பினாள்.

ட்ரீசாவின் ஆராய்ச்சியும் அன்றிலிருந்து வேறு பாதையில் போனது. தொடுவதற்கு முன் பெயர் சொல்வது, கிழமை சொல்வது, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வது: நர்ஸுகள் எல்லோரும் பழகினார்கள். முதலில் கூச்சப்பட்டுக்கொண்டு ஒப்பித்தார்கள். "ரேடியோவுல செய்தியா வாசிக்கிற? அவரு வீட்டு மாடு கன்னு போட்டுச்சாம், அதச் சொல்லுடி" என்று கார்த்தியாயினி கேலி செய்தாள். ஆறு மாதத்தில், தூக்கமில்லாமல் தவித்தவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆராய்ச்சி நூலின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் கார்த்தியாயினியுடையது. வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர் இரண்டாவதாகத்தான் வந்தது.

சதானந்தன் மறுபரிசோதனைக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, ட்ரீசா கார்த்தியாயினியை அழைத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"சேட்டா, இன்னைக்கு வியாழக்கிழம, மணி பத்தரை" என்றாள் கார்த்தியாயினி.

அவர் வாய் திறந்தபடி நின்றார். "இவ்வளவு சின்ன ஆளா! அந்தக் குரலுக்கு லாரி மாதிரி ஒருத்தி இருப்பான்னுல்ல நெனச்சேன்!"

"லாரின்னா நீங்க ஓட்டியிருப்பீங்களே!"

அவர் சிரித்தார், சிரிப்பிலேயே கண் நிறைந்துவிட்டது. வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து, இன்னும் முழுதாக மடங்காத விரல்களால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ட்ரீசா பக்கத்தில் நின்று அவர் தோளைத் தாங்கிக்கொண்டாள்.