ஐந்து ஆம்பியர் லைன்

"அக்கா, மறுபடியும் பீஸ் போச்சு!" என்று கார் ஷெட்டிலிருந்து கிளமென்ட் கத்தினான்.

சூடேறாத இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரங்கநாயகி சமையலறையில் நின்றாள். அந்த வாரத்தில் அது மூன்றாம் முறை. திருவானைக்காவல் வீட்டை ஒட்டியிருந்த அந்த ஷெட்டில் கார் என்று எதுவும் நின்றதேயில்லை. பஸ் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த அவள் கணவர் அழகர்சாமி, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அங்கே சாணை மோட்டாரில் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் மோட்டாரோடு சேர்த்து ஷெட்டைச் சாணை பிடிக்கும் கிளமென்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

கிளமென்டுக்குப் பொறுமை போயிற்று. பீஸ் கட்டையிலிருந்த மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த செப்புக் கம்பியை மூன்று முறுக்காகச் சுற்றினான். அதற்கப்புறம் பீஸ் போகவில்லை. ஆனால் மறுநாள், ஒயரை மூடியிருந்த மரப்பட்டையிலிருந்து கருகல் வாடை வந்தது. ரங்கநாயகி மெயினை அணைத்துவிட்டுப் பாலக்கரைக்குச் சொல்லி அனுப்பினாள். ஐம்பத்தாறாம் வருஷம் அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்த பஷீர் அகமது வந்தார். அழகர்சாமியின் சிநேகிதர்.

"யாருய்யா இந்தக் கம்பிய முறுக்கினது? தாம்புக்கயிறு திரிக்கிறியா?"

"பீஸ் நிக்க மாட்டேங்குதுங்க, பாய்."

"போறதுக்குத்தான்யா பீஸு. அது போகலேன்னா வீடு போயிடும்." ரங்கநாயகியிடம் திரும்பினார். "இது அஞ்சு ஆம்பியர் லைன், தங்கச்சி. உங்க பெட்டி மூணு, மோட்டார் மூணு. அஞ்சுல ஆறு போகுமா? ஷெட்டுக்கு மெயின்லேருந்து தனியா ஒரு லைன் இழுத்துடறேன். நீங்க பாட்டுக்குப் பெட்டி போடலாம், அவன் பாட்டுக்கு ஓட்டலாம். ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே வேணாம்."

கேட்பதுதான் அந்த வீட்டின் பேச்சாக இருந்தது. அழகர்சாமி இருந்தவரை பத்து வருஷமாகத் தினமும் காலையில் ஜன்னல் வழியே, "பெட்டி போடறேங்க" என்பாள். மோட்டார் இரைச்சல் அடங்கும். "போடு, போடு" என்று பதில் வரும். சில நாள் வேண்டுமென்றே, "இரு, ரெண்டு நிமிஷம்" என்று இழுத்தடிப்பார். "எனக்கென்ன, உங்க காக்கிச் சட்டைதான். கசங்கலாவே போங்க" என்பாள். பிள்ளையில்லாத வீட்டில் சிரிப்பு என்று ஒன்று இருந்தால் அது அப்போதுதான். அதே வார்த்தையைக் கிளமென்டைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே பெட்டியின் பிளக்கைச் செருகினாள். பீஸ் போனதெல்லாம் அதனால்தான்.

"தனி லைன் வேணாம் பாய். மோட்டார் நிக்கிறப்போ நான் போட்டுக்கறேன்."

"அவரும் இப்படித்தான் வேணாம்னாரு. மோட்டார் வாங்கினப்பவே கேட்டேன். கையில ஒயர்கூட மிச்சம் இருந்துச்சு."

"ஏன் வேணாம்னாரு?"

பஷீர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டையில் துடைத்தார். "'தனியா இழுத்துட்டா, அவ எதுக்குய்யா என்னைக் கூப்பிடப் போறா'ன்னாரு."

ரங்கநாயகி ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு, "எப்படிச் சொன்னாரு? அப்படியே சொல்லுங்க" என்றாள்.

அவர் திரும்பச் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்து, அழகர்சாமியைப் போலவே இழுத்தும் சொல்லிப் பார்த்தார். அது பஷீரின் குரலாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கூப்பிட இனி அழகர்சாமி இல்லை.

"இழுத்துடுங்க பாய்," என்றாள் அவள். "இன்னிக்கே."

கிளமென்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டான். கருகிய மரப்பட்டையை பஷீர் நெம்ப, ஆணிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தன. அவளை உள்ளே போய் உட்காரச் சொன்னார்கள். கடைசி ஆணி வரும்வரை அவள் நகரவில்லை.